மாலைக்குரிய கழுத்து

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெடித்த ஆயிரம் வாலாக் குப்பை, ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் கொன்றைப்பட்டுத் தெருவில் அப்படியே கிடந்தது. யாரும் பெருக்கவில்லை. பெருக்க மனசு வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கு நல்லாசிரியர் விருது வந்திருக்கிறது என்று ரைஸ்மில் போனுக்குச் சேதி வந்த கையோடு, மில் முதலாளி அண்ணாதுரை சொந்தச் செலவில் கொளுத்திய சரம் அது.

அந்தச் சிவப்புக் காகிதத்தின் மேல்தான் தலைமையாசிரியர் நாகப்பன் இரண்டு நாளாக நடமாடிக்கொண்டிருக்கிறார். கால் தரையில் பாவவில்லை என்று போன வாரமே நம் வாசகர்களுக்குச் சொன்னோம். இந்த வாரமும் பாவவில்லை. காலை எட்டு மணி வரைக்கும்.

பாவம், மனிதர் எத்தனை வருஷம் காத்திருந்தார்! நல்லாசிரியர் யார் என்று அரசாங்கம் ஊர் ஊராகத் தேடிக்கொண்டு வராது. ‘நான் நல்லாசிரியர்’ என்று அந்த ஆசிரியரே எழுதி, சான்றிதழ் வைத்து, போட்டோ ஒட்டி, மேலே அனுப்ப வேண்டும். கூச்சப்பட்டவர்களுக்குக் கிடைக்காது. நாகப்பன் கூச்சப்படவில்லை. மரம் நட்ட போட்டோ, சுதந்திர தினத்தில் கொடியேற்றிய போட்டோ, பஞ்சாயத்துத் தலைவரோடு கைகுலுக்கிய போட்டோ என்று ஒவ்வொரு வருஷமும் கோப்பு பருத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு வருஷமும் மேலிடம் கையை விரித்தது.

இந்த வருஷம் விரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் பாராட்டு விழா. வியாழக்கிழமை ஆசிரியர் தினத்தன்று மெட்ராஸில் மந்திரி கையால் விருது.

அன்று காலை எட்டு மணிக்கு, தைக்கக் கொடுத்த ஜிப்பாவை வாங்க ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரை, டீக்கடையிலிருந்து ஒரு குரல் பிடித்து நிறுத்தியது. ஒன்றியக் கல்வி அலுவலகத்துக் கிளார்க் பாண்டுரங்கன்.

“சார்! வாங்க வாங்க. டீச்சரம்மா எப்டி இருக்காங்க? சந்தோஷத்துல தூங்கியே இருக்க மாட்டாங்களே!”

“அவளுக்கு என்னப்பா! எனக்குக் கெடச்சதுக்கு வல்லக்கோட்டை முருகனுக்கு நேத்து அவதான் போயி அர்ச்சனை பண்ணிட்டு வந்தா. நமக்குத்தான் சாமி கெடையாதே” என்று சிரித்தார் நாகப்பன். சாமி கும்பிடுவதெல்லாம் அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் மனைவி காந்திமதிதான்; மகனுக்குப் பகலவன் என்று பெயர் வைத்த பகுத்தறிவுக்காரர் அவர்.

பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

“உங்களுக்கா? சார்... விருது டீச்சரம்மாவுக்கு சார். காந்திமதி டீச்சருக்கு.”

“என்ன உளர்றே?”

“நான்தானே சார் மில்லுக்கு போன் போட்டேன்! ‘உங்க ஊர் ஸ்கூலுக்கு நல்லாசிரியர் கெடச்சிருக்குது’ன்னு சொன்னேன். பேரைச் சொல்றதுக்குள்ள அந்த ஆளு ‘போடு வெடியை’ன்னு கத்திட்டு போனை வெச்சிட்டாரு. ஸ்கூலுக்குன்னா ஹெட்மாஸ்டருக்குத்தான்னு அவரே முடிவு பண்ணிட்டாரு போல. எனக்கு இன்னா சார் தெரியும்?”

நாகப்பனுக்குக் காதில் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது.

பாண்டுரங்கன் நல்லவன். நல்லவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. “நீங்க எழுதி அனுப்புனீங்களே சார், வகுப்புல தூளி கட்டுறதைப் பத்தி. அந்த ஒரு வரிதான் மெட்ராஸ் வரைக்கும் போயிருக்குது. படிச்ச பெரிய ஆபீசர் அம்மா, ‘இவங்களைத்தான் நான் பாக்கணும்’னு சொன்னாங்களாம். சாயங்காலம் விழாவுக்கு நம்ம கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வர்றாரே, ஆர்டரையும் அவரே எடுத்துக்கினு வர்றாரு.”

*

ஊர் வழியாக ஓரகடம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நாகப்பன் வெளியே பார்க்கவில்லை. மடியில் ஜிப்பாப் பொட்டலம். அதைப் பிரிக்கவும் இல்லை.

ஜூன் மாதம் நடந்தது அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. ‘பள்ளிக்கு ஒரு பெண் ஆசிரியர் பெயரும் சேர்த்து அனுப்புங்கள்’ என்று இந்த வருஷம் புதிதாக ஓர் உத்தரவு. பள்ளியில் இருக்கிற ஒரே பெண் ஆசிரியை அவர் மனைவிதான். ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதானே என்று, டீ ஆறுவதற்குள் அவரே காந்திமதிக்கும் எழுதிப் போட்டுக் கையெழுத்து வாங்கினார். போட்டோ கிடையாது. சான்றிதழ் கிடையாது. சாதனை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தோன்றாமல், கண்ணில் பட்டதை எழுதினார்.

கண்ணில் பட்டது தூளி.

ஊருக்குக் கிழக்கே செங்கல் சூளை. அங்கே மண் மிதிக்கிறவர்கள் வீட்டுப் பெண் குழந்தைகள் பள்ளிக்கு வராது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! ‘தம்பியையும் தூக்கிக்கினு வாம்மா’ என்றாள் காந்திமதி. ஒன்றாம் வகுப்பின் உத்தரத்தில் தன் பழைய சேலையில் தூளி கட்டினாள். ஒரு தூளி இரண்டாகி, மழைக்காலத்தில் மூன்றானது. கையில் சாக்பீஸ், காலில் தூளிக் கயிறு. ‘அ’னா சொல்லிக்கொண்டே ஆட்டுவாள். சூளைப் பெண்கள் எட்டாவது வரைக்கும் வந்தார்கள். ஒருத்தி நர்ஸ் படிக்கப் போனாள்.

“இது ஸ்கூலா, பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியா டீச்சர்?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டவர் நாகப்பன். இன்ஸ்பெக்ஷன் என்றால் முதல் வேலையாக ஸ்டூல் போட்டு ஏறித் தூளியை அவிழ்ப்பவரும் அவர்தான். மறுநாள் அவள் மறுபடி கட்டுவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

பள்ளியில் அவள் ‘டீச்சர்’, அவர் ‘சார்’. வாசல் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் ‘காந்தி’, ‘ஏங்க’. கல்யாணமாகி ஒரே பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இந்த வழக்கம் மாறியதில்லை.

போனதும் சொல்லிவிட வேண்டும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

*

செருப்பைக் கழற்றினார். சொல்லவில்லை.

காந்திமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தாள் என்று பிற்பாடுதான் அவருக்குப் புரிந்தது.

“என்னங்க, போன காரியம் ஆச்சா? பெரும்புதூர்ல யாரையாச்சும் பாத்தீங்களா?”

“யாரை... யாரையும் பாக்கல. ஞாயித்துக்கெழம யார் இருப்பாங்க?”

வாய் தானாகச் சொன்ன பொய். சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

காந்திமதி உள்ளறைக்குப் போனாள்; கொஞ்ச நேரம் கழித்து வந்து, “சாப்பிட வாங்க” என்றாள்.

வடை, பாயசத்தோடு இலை. அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். “காந்தி...”

“ம்?”

“பாயசத்துல... ஏலக்காய் தூக்கலா இருக்குது.”

“தினமுமா விருது வாங்குறீங்க? இருந்துட்டுப் போவட்டும்” என்றாள் காந்திமதி. குரலில் கோபமுமில்லை, சிரிப்புமில்லை.

கை கழுவி வந்தபோது உள்ளறை வாசலில் அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். காலையில் அது பரண் மேல் இருந்தது. மெட்ராஸ் பயணத்துக்கு இப்போதே கட்டிவிட்டாளே என்று நினைத்தார்.

அதற்குள் பகலவன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். ஹைவேஸ் ரோட்டுக் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். அப்பாவுக்காக சண்டே ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

“அப்பா, மைக் செட்டுக்கு பர்மிஷன் வாங்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சி! மே மாசம் பெரும்புதூர் மேடைக்கிட்ட குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் இந்தப் பக்கம் மேடைன்னு சொன்னாலே ஸ்டேஷன்ல ஆயிரம் கேள்வி கேக்குறானுங்க. எங்கப்பாவுக்கு நல்லாசிரியர் சார்னு சொன்னேன். எஸ்.ஐ. எழுந்து நின்னு கை குடுத்தாருப்பா!”

மகனின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நாகப்பன் பார்த்தார். எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றதற்கு, அத்தனை பேர் முன்னால் இவனை முட்டி போட வைத்த அப்பா அவர். அதற்குப் பிறகு அவன் அவரிடம் நின்று நாலு வார்த்தை பேசியதே இந்த இரண்டு நாளில்தான். இவனிடம் எப்படிச் சொல்வது?

எழுந்தார். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி கொடியில் போட்டார்.

அண்ணாதுரையிடமாவது சொல்லித் தொலைப்போம் என்று மில்லுக்குப் போனார். அவர் இவரை வாசலிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா வாத்தியாரே, மாப்ள ஊர்வலத்துக்கு முன்னாடியே வந்துட்டே! துணி பேனர் பாத்தியா? உன் பேரு இன்னா சைஸ்ல கீது பாரு! ஏரிக்கரையில நின்னா படிக்கலாம்.”

“அண்ணாதுரை, ஒரு விஷயம்... அந்த போன் வந்துதே, அதுல பேரு...”

“பேரு இன்னா பேரு? இந்த ஊருக்கு வாத்தியாருன்னா ஒரே பேருதான். கூச்சப்படாதய்யா! காஞ்சிபுரத்துல இருந்து சந்தன மாலை வருது. போயி மொகத்தைக் கழுவிட்டு வா. பேயடிச்சாப்ல நிக்கிறியே!”

ஊர் கூடிச் செக்குத் தள்ளுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர் எங்கே நிறுத்தச் சொல்வார்!

*

ஐந்து மணிக்கு வர வேண்டிய ஏ.இ.ஓ. ஐந்தரைக்கும் வரவில்லை. அவர் வரட்டும், நாம் ஆரம்பிப்போம் என்று அண்ணாதுரை மைக்கைப் பிடித்துவிட்டார்.

மேடையில் நாகப்பனுக்குக் கைவைத்த நாற்காலி. எதிரே ஜமக்காளத்தில் ஊர். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் காந்திமதி, பள்ளிக்குக் கட்டுகிற அதே ஊதாப் பூப்போட்ட சேலை. மேடைக்கு வாருங்கள் என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

“இந்த மண்ணுல பொறந்து, இந்த மண்ணுக்கே கண்ணு குடுத்த நம்ம வாத்தியாரு...” அண்ணாதுரை முழங்க முழங்க, நாகப்பனின் கண் ஏரிக்கரைப் பாதையிலேயே இருந்தது. ஜீப் இப்போது வரும். இறங்கி வந்து அந்த அதிகாரி மைக்கில் பெயரைச் சொல்வார். ஊர் திரும்பி இவரைப் பார்க்கும். அதற்கு முன்னால் சொல்லிவிட்டால் மனிதன். அதற்குப் பின்னால் என்றால் மேடையேறிய திருடன். நாள் முழுக்க இருந்த நேரம் இப்போது கை நிறையத் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் சூளைச் சிறுமி ஒருத்தி, இடுப்பில் தம்பிக் குழந்தையோடு நின்றிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பாப்பம்மாள். அவள் இடுப்பே இன்னும் குழந்தை இடுப்பு. மைக் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. “யாரும்மா அது, புள்ளையை அப்பால கொண்டு போ!” என்று ஒருவர் அதட்டினார்.

காந்திமதி திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டினாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டு முழங்காலை ஆட்டினாள். அது அடங்கியது. பாப்பம்மாள் டீச்சர் பக்கத்தில் சப்பணம் கொட்டி உட்கார்ந்து விழா பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் கால் அசைவை நாகப்பன் எத்தனை வருஷமாகப் பார்க்கிறார்! பார்த்தும் பார்க்காதவராக இருந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் கை நாற்காலியில் ஊன்றியது. ஏரிக்கரையில் ஜீப் உறுமியது. நாகப்பன் எழுந்து நின்றார்.

“அண்ணாதுரை, மைக்கைக் குடு.”

“இருய்யா, இன்னும் மாலையே போடல...”

“குடுய்யா!”

பள்ளிக்கூடத்தில் பிரம்பு எடுக்கிறபோது வருகிற குரல் அது. அண்ணாதுரை அவரிடம் படித்தவர் அல்ல, ஆனாலும் கொடுத்துவிட்டார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. இந்த விருது எனக்கு இல்ல.” கனைத்துக்கொண்டார். “இது காந்திமதி டீச்சருக்கு வந்தது. எனக்கு இன்னிக்குக் காலையிலேயே தெரியும். தெரிஞ்சும் பாயசம் சாப்பிட்டேன். ஜிப்பா போட்டுக்கினு வந்து ஒக்காந்தேன். நான் நாலு வருஷம் என்னைப் பத்தியே பக்கம் பக்கமா எழுதி அனுப்புனேன். ஒண்ணும் வரல. டீச்சரைப் பத்தி ஒரே ஒரு வரி உண்மையா எழுதுனேன். அதுக்கு வந்திருக்குது. சூளைப் புள்ளைங்களுக்காக அவங்க கட்டுன தூளிக்கு வந்திருக்குது. அந்தத் தூளியை ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துப் போட்டவன் நான். இதை நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.”

பகலவன் மைக் செட் பக்கத்தில் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

ஜீப் வந்து நின்றது. ஏ.இ.ஓ. கையில் உறையோடு இறங்கி, “லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும். எங்கே காந்திமதி டீச்சர்?” என்று சத்தமாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு சந்தேகப்பட யாருக்கும் இடமில்லை. பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் கைதட்டல் வந்தது. சூளைக்காரர்கள் விசிலடித்தார்கள். அண்ணாதுரை பேனரைப் பார்த்தார், நாகப்பனைப் பார்த்தார், “ஒரே வூடுதானேய்யா! யாருக்கு வந்தா இன்னா!” என்று தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டார்.

காந்திமதி மேடையேறினாள். குழந்தை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. நாகப்பன் சந்தன மாலையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றார்.

“அட, வாத்தியாருக்கு ரெண்டாங் கல்யாணம் டோய்!” என்று எவனோ கத்த, ஊர் சிரித்தது. நாகப்பனுக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த ஒரு நிமிஷம் நம்பினார்.

காந்திமதி தலை குனியவில்லை.

“கையில குடுங்க சார்” என்றாள்.

விரித்த மாலையை அவர் மடக்க வேண்டியிருந்தது. அவள் அதை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். ஏ.இ.ஓ. போர்த்திய பொன்னாடையை மட்டும் தோளில் ஏற்றாள். சிரித்துக்கொண்டிருந்த ஊர் இதைக் கவனித்ததோ என்னவோ. பகலவன் கவனித்தான்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தார்கள். பகலவன் மைக் செட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சந்தன மாலையை ஆணியில் மாட்டிவிட்டு, காந்திமதி அவர் எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு நேத்தே தெரியும். வல்லக்கோட்டையில பாண்டுரங்கன் சம்சாரம் கையைப் புடிச்சிகினு சொன்னா. நீங்க இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல. எப்டி சொல்றதுன்னு தெரியாம, பெரும்புதூர் போறாரே, தெரிஞ்சுகினு வந்து அவரே சொல்லட்டும்னு இருந்தேன். பஸ்ஸை விட்டு எறங்கி வந்தப்பவே உங்க மூஞ்சி சொல்லிடுச்சி. யாரையாச்சும் பாத்தீங்களான்னு கேட்டேன். யாரையும் பாக்கலன்னீங்க. அப்பதான் பரண் மேல இருந்து பெட்டியை எறக்குனேன்.”

“மெட்ராஸுக்குத்தானே?” என்றார் நாகப்பன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“வாலாஜாபாத்துக்கு. எங்கண்ணன் வூட்டுக்கு.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “விருது உங்களுக்கே வந்திருந்தா நான் மனசாரத்தான் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்கு வந்ததை எங்கிட்ட சொல்ல உங்களுக்கு மனசு வரல பாருங்க, அதுதான் தாங்கல.”

அவர் வாயைத் திறந்தார். அவள் கையமர்த்தினாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உண்மையைச் சொல்லுங்க. ஜீப்பு சத்தம் கேட்டு எழுந்தீங்களா? இல்ல, எழுந்தப்புறம் சத்தம் கேட்டுச்சா?”

ஒரு பொய் போதும். யாருக்கும் தெரியாது, ஊரே இவரை உத்தமன் என்று பேசிக்கொண்டு போயிருக்கிறது. நாகப்பன் ஆணியில் தொங்கிய மாலையைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

“நாற்காலியில கையை ஊனுனேன், காந்தி. அது நெசம். ஆனா எழுந்தது, சத்தம் கேட்டப்புறம்தான்.”

காந்திமதி ஏ.இ.ஓ. கொடுத்த உறையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துத் தான் உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

“விழாவுக்கு ரெண்டு பாஸு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு கூட வர்றவங்களுக்காம்.”

“யாரைக் கூட்டிக்கினு போவப் போறே?”

அவள் எழுந்தாள். பெட்டியைத் திறந்து ஒரு பாஸை உள்ளே வைத்துப் பூட்டினாள். மற்றொன்று பலகை மேலேயே கிடந்தது. பெட்டியைப் பரணுக்கும் ஏற்றவில்லை, வாசலுக்கும் இழுக்கவில்லை.

“வியாழக்கெழமைக்கு இன்னும் நாள் கெடக்குது, சார்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வீட்டுக்குள் அவள் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.